ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ: முதலில் பிடிமானம், அப்புறம் பவர்

ஸ்கோடா ஆக்டேவியாவின் மூன்றாம் தலைமுறை 2013-இல் இந்தியாவுக்கு வந்தது. அதில் 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் எஞ்சின் 180 பிஎஸ் பவரும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் விசை) தரும். கூடவே ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இன்று செகண்ட் ஹேண்டில் இந்தக் காரை எடுப்பவர்களில் பலர், ஆர்.சி. பெயர் மாறுவதற்குள்ளேயே ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது) எங்கே செய்யலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

நானும் ரீமேப்பில்தான் தொடங்கினேன். செய்து இரண்டு வாரம் இருக்கும், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை எப்போதும் போல அழுத்தினேன். முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ஸ்டீயரிங் வலப்பக்கம் வெடுக்கென்று இழுத்தது. டேஷ்போர்டில் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. சக்கரம் வழுக்கிச் சுழன்றால் எஞ்சின் பவரைக் குறைக்கும் அமைப்பு அது. கார் நகரும்போது, காசு கொடுத்து ஏற்றிய பவர் முழுவதையும் அந்த விளக்கு வெட்டியிருந்தது. டயர்கள் ஐந்து வருடப் பழசு. புதிதாகத் தொடங்குபவர்கள் வரிசையை மாற்றிப் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: எஞ்சின் நலமாக இருக்கிறதா?

காரின் கோளாறு அறியும் ஓபிடி போர்ட்டில் விசிடிஎஸ் போன்ற ஸ்கேன் கருவியை மாட்டி, எல்லா மாட்யூல்களிலும் (காரின் சின்னச் சின்ன கம்ப்யூட்டர்கள்) இருக்கும் கோளாறுப் பதிவுகளைப் படியுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கின் நிறமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் பிளாஸ்டிக் ஹவுசிங்கில் உட்கார்ந்திருக்கும். அங்கே கூலன்ட் கசிவது பலரும் அறிந்த பிரச்சினை. கூலன்ட் மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள். ஆயிலை விடபிள்யூ 502.00 தரத்துக்கு ஏற்றதாக மாற்றிவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அடுத்த படி.

படி 2: டயர்

முழு பட்ஜெட்டில் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும். இது முன் சக்கரம் இழுக்கும் கார். வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாயும், அதாவது பிடிமானம் தேவைப்படும் அந்த நொடியில்தான் முன் டயர்மேல் பாரம் குறைகிறது. எஞ்சினில் என்ன செய்தாலும் இது மாறாது.

பழைய டயரின் வயதைப் பார்க்க, பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2419 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் பயனில்லை. நகத்தால் அழுத்திப் பாருங்கள், புது டயரில் நகம் கொஞ்சம் பதியும்.

205/55 ஆர்16 டயரோடு இருக்கும் காருக்கு 225/45 ஆர்17 நல்ல தேர்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழையதன் மொத்த விட்டம் சுமார் 632 மில்லிமீட்டர், புதியது சுமார் 634. ஸ்பீடோமீட்டர் கிட்டத்தட்ட அப்படியே சரியாகக் காட்டும். வீல் வாங்கும்போது 5x112 போல்ட் அமைப்பு (112 மில்லிமீட்டர் விட்ட வட்டத்தில் ஐந்து போல்ட்), நடுத்துளை 57.1 மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கேற்ற வளையம் கட்டாயம், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்கும். 18 அங்குலம் பார்க்க அழகுதான். ஆனால் நம் சாலைப் பள்ளங்களில் பக்கச்சுவர் வீங்கி டயர் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் வாக்கு 17-க்கே.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கடையில் ஏர் கன்னால் விட்டதோடு நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: மவுன்ட், புஷ், பின் ஆன்டி ரோல் பார்

டயர் சுழலும்போது காரின் முன்பக்கம் தடதடவென்று குதித்தால், எஞ்சின் தன் இடத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தம். எஞ்சினுக்கு அடியில், கியர்பாக்ஸைச் சேஸியோடு பிணைக்கும் சின்ன மவுன்ட் ஒன்று உண்டு. நாய்க்குப் போடும் எலும்பின் வடிவத்தில் இருப்பதால் 'டாக் போன்' என்பார்கள். அதன் ரப்பர் இடைவெளியில் பாலியூரிதேன் துண்டு ஒன்றைச் செருகினால் ஆட்டம் வெகுவாகக் குறையும். செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஐடிலில் சீட் வரை லேசான அதிர்வு வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

கூடவே முன் சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றிவிட்டு வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். தடிமனான பின் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) போட்டால் வளைவில் உள்பக்க முன் சக்கரம் சாலையைக் கூடுதலாகப் பிடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் கார் வெளிப்பக்கம் தள்ளும். இப்போது தன் பாதையிலிருந்து விலகுவதில்லை.

படி 4: பிரேக்

நல்ல பேடுகள், புது டாட் 4 பிரேக் ஃப்ளூயிட். பழைய ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மலை இறக்கத்தில் சூடேறினால் அது கொதித்து, பெடல் பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

படி 5: இப்போது பவர்

இங்கே நிதானமாக வாசியுங்கள். இந்தக் காரின் டிஎஸ்ஜி, டிகியூ200 எனப்படும் உலர் கிளட்ச் கியர்பாக்ஸ். அதற்கென்று வகுத்த எல்லை 250 நியூட்டன் மீட்டர். எஞ்சினின் டார்க்கும் 250-இல் நிற்பது தற்செயல் அல்ல. வெளிநாட்டில் இதே 1.8 எஞ்சினை, எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் உள்ள ஆறு கியர் டிஎஸ்ஜியோடும் நான்கு சக்கர இயக்கத்தோடும் விற்றபோது 280 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள். எஞ்சினால் முடியும். கியர்பாக்ஸைக் காப்பதற்காகத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பவரை எப்படி ஏற்றுவது? டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,023-ஆல் வகுத்தால் பிஎஸ் கிடைக்கும். கம்பெனி மேப்பில் 5,000 ஆர்பிஎம் வரை 250 நிற்கிறது, அதாவது சுமார் 178 பிஎஸ். அதற்கு மேல் டார்க் இறங்கத் தொடங்குகிறது. அதே 250-ஐ 6,000 ஆர்பிஎம் வரை பிடித்து நிறுத்தினால்? சுமார் 214 பிஎஸ். கிளட்ச்சின் எல்லையை ஒரு நியூட்டன் மீட்டர்கூடத் தாண்டவில்லை! டர்போ சின்னது என்பதால் மேல் ஆர்பிஎம்மில் அது முழுமையாகத் தாக்குப்பிடிக்காமல் போகலாம். ஆனாலும் டியூனரிடம் (ரீமேப் செய்பவரிடம்) கேட்க வேண்டியது இந்தத் திசையில்தான். "கீழே 350 கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். 2,000 ஆர்பிஎம்மில் முதுகில் விழும் அந்த அடி சுகமாக இருக்கும். முன் டயரையும் கிளட்ச்சையும் தின்பதும் அதே அடிதான். முதல் இரண்டு கியர்களில் டார்க்கைக் குறைத்து வைக்கும்படியும் சொல்லுங்கள்.

மேப்புக்கு முன்னால் எப்போதும் எந்தப் பெட்ரோல் போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் 91 ஊற்றினால் எஞ்சின் தட்டும் அபாயம் உண்டு. உங்கள் ஊரைத் தாண்டினால் 95 கிடைக்குமா என்று யோசியுங்கள், சந்தேகம் இருந்தால் 91-க்கான மேப்பே போதும். புது பிளக் போட்டு, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் டியூனர் சொல்லும் அளவில் வையுங்கள். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கூடும்போது பெரிய இடைவெளியில் பொறி அணைந்துவிடும்.

டைனோவில் (பவரை அளக்கும் உருளை மேடை) ஓட்டும்போது கூடவே இருங்கள். உச்ச எண்ணைக் காட்டும் தாளோடு, ஓட்டத்தின்போது பதிவான தரவையும் (லாக்) கேட்டு வாங்குங்கள். அதில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக, திரும்பத் திரும்ப பின்வாங்கினால் வண்டியை அந்த மேப்போடு வெளியே எடுக்காதீர்கள். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது ஓட்டத்தில் அது ஏறிக்கொண்டே போனால் அடுத்து வாங்க வேண்டியது பெரிய இன்டர்கூலர், அதாவது டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்.

புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள். இது என் உறுதியான கருத்து. புகைச் சோதனையில் சிக்கும், பின்னால் வருபவர்கள் நாற்றத்தைச் சுவாசிப்பார்கள்.

படி 6: சட்டமும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஆர்டிஓவில் விசாரியுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறைத்த மாற்றத்தைக் காட்டி விபத்து இழப்பீட்டை மறுக்கலாம். முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை இருந்தால் கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தடம் இருக்கிறது.

படி 7: முதல் 500 கிலோமீட்டர்

வீல் போல்ட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். நான்காவது கியரில் ஏற்றத்தில் மெல்ல அழுத்தும்போது, வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. அன்றே டியூனரிடம் போய் டார்க்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.