ஜூலை, ஆகஸ்டில் ஓமன்: கடும் கோடையில் ஒரு விடுமுறையைத் திட்டமிடும் முறை

ஓமனுக்குச் சுற்றுலா செல்ல உகந்த காலம் எதுவென்று யாரைக் கேட்டாலும், அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை என்றுதான் சொல்வார்கள். அது சரியான விடைதான். ஆனால் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கும், ஐரோப்பாவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழர்களுக்கும் நீண்ட பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான் வாய்க்கிறது. அந்த மாதங்களில் போவதென்று முடிவாகிவிட்டால், குளிர்காலத்துக்கென்று யாரோ போட்டு வைத்த பயணத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓமனின் கோடை நாடு முழுவதும் ஒரே கோடை அல்ல. வெயில் தணிந்திருக்கும் இடங்களில் பகலையும், தணியாத இடங்களில் விடியற்காலையையும் இரவையும் மட்டும் செலவிடுவது என்று வைத்துக்கொண்டால், அந்த விடுமுறை தண்டனையாக இராது.

முதலில் வெயிலைச் சரியாக மதிப்பிட வேண்டும். கடலோர ஊர் என்பதால் மஸ்கட்டில் மாலையானதும் காற்று வீசி இதமாகிவிடும் என்று சென்னைக்காரர் எதிர்பார்ப்பது இயல்பு. அங்கே நடப்பது வேறு. கோடையில் கடல் நீரே 30 டிகிரிக்கு மேல் சூடேறிக் கிடப்பதால், இரவில் வரும் கடற்காற்று வெப்பத்தைக் குறைப்பதைவிட ஈரத்தைக் கூட்டுவதே அதிகம். மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே உள்ள குரயாத் என்ற கடலோர ஊரில், 2018 ஜூன் 26 அன்று 24 மணி நேரத்தில் வெப்பநிலை 42.6 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை. உலகில் பதிவான மிக வெப்பமான இரவுகளில் அதுவே முதலிடத்தில் வைத்துப் பேசப்படுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 12:30 மணியிலிருந்து 3:30 மணி வரை திறந்தவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சட்டமே தடை விதிக்கிறது. வெயிலில் பழகிய உடல்களுக்கே அந்த நேரம் ஆகாது என்று அரசு கருதும்போது, விமானத்திலிருந்து இறங்கி வந்த குழந்தைகளையும் முதியோரையும் அந்த நேரத்தில் கோட்டை பார்க்க அழைத்துச் செல்வதில் பொருளில்லை.

ஆகவே பயணத்தின் பெரும்பகுதியைத் தெற்கே, தோஃபார் மாநிலத்தின் தலைநகரான சலாலாவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. மஸ்கட்டில் 40 டிகிரி கொதிக்கும் அதே நாளில் சலாலா நகரில் 30 டிகிரிக்கு மேல் போவது அரிது. பின்னால் உள்ள மலையில் இன்னும் குளிர்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று அரேபியக் கரையை ஒட்டியே வீசும்போது மேற்பரப்பு நீரைக் கடலுக்குள் தள்ளுகிறது; அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்தக் குளிர்நீரின் மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாகித் தோஃபார் மலைச்சரிவில் வந்து முட்டுகிறது. மேலே பாலைவனத்திலிருந்து வரும் சூடான காற்று மூடியைப் போல் அழுத்துவதால் மேகம் உயர முடியாமல் தாழ்வாகவே நின்று, கனமழைக்குப் பதிலாக நாள் முழுதும் சாரலாக உதிர்கிறது. கரீஃப் என்று அழைக்கப்படும் இந்தப் பருவத்தை ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று கணக்கிடுகிறார்கள். மலையைக் கடந்து தும்ரைத் பக்கம் இறங்கினால், சில நிமிடங்களிலேயே பனி விலகி, பாலைவன வெயில் முகத்தில் அறையும்.

நாட்காட்டியைப் பார்த்து ஜூன் கடைசி வாரத்துக்கு முன்பதிவு செய்துவிட வேண்டாம். சாரல் தொடங்கினாலும் மலை பச்சை பிடிக்க ஜூலை நடுப்பகுதி ஆகிவிடும். அதுவரை பழுப்பு நிறப் புல்லில் ஈரம் மட்டுமே இருக்கும். ஜூலை பிற்பாதியும் ஆகஸ்டும்தான் உச்சம். அதே காரணத்தால் சவுதி, அமீரகம், குவைத் என்று அண்டை நாடுகளிலிருந்து குடும்பங்கள் திரண்டு வந்து சேர, அறை வாடகை ஏறிவிடும். விடுமுறை இடம் கொடுத்தால், ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான நாட்களை நான் பரிந்துரைப்பேன். சாரல் குறைந்து, பசுமை மட்டும் மிஞ்சி, கூட்டமும் கலைந்திருக்கும்.

சலாலாவில் வாதி தர்பாத் அருவியும், ஐன் ரஸாத், ஐன் அதூம் போன்ற ஊற்றுகளும், ஜபல் கமர் மலைப்பாதையும் எல்லோரும் பார்ப்பவை. காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். மாலையில் போனால் வாதி தர்பாத்துக்கு ஏறும் சாலையில் வண்டிகளின் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க நேரும். தாகா ஊரைத் தாண்டினால் வரும் கோர் ரோரி என்ற கழிமுகத்தின் கரையில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகத்தின் இடிபாடுகள் உள்ளன; குந்துருக்கம் என்ற நறுமணப் பிசினைத் தோஃபாரில் வணிகம் செய்த தலங்களுள் ஒன்றாக 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. தமிழருக்கு அங்கே தனியான ஈர்ப்பு ஒன்று உண்டு. 2006இல் நடந்த அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று கருதுகிறார்கள். தமிழ் வணிகன் ஒருவன் காற்றை நம்பிக் கப்பலேறி வந்து சேர்ந்த கரையில், விமானத்தில் வந்திறங்கிய நாம் நிற்பதற்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்கலாம்.

கரீஃப் காலத்துச் சலாலாவில் கடலில் குளிக்கக் கூடாது. கடற்கரை விடுதி என்ற படத்தைப் பார்த்து நீச்சலுடை எடுத்துச் செல்பவர்கள் ஏமாந்து போவார்கள். அந்த மாதங்களில் அலை அவ்வளவு மூர்க்கமாக இருக்கும். மேற்கே முக்சைல் கடற்கரையில் பாறைத் துளைகளின் வழியே கடல்நீர் பீறிட்டு எழும் காட்சி புகழ்பெற்றது. அங்கே 2022 ஜூலையில் தடுப்பைத் தாண்டிப் போன சுற்றுலாப் பயணிகளை அலை இழுத்துச் சென்று உயிர்கள் போயின. படம் எடுப்பதெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான். மலைச் சாலையிலும் எச்சரிக்கை தேவை: பனியில் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது, ஒட்டகங்களோ சாலை நடுவில்தான் நிற்கும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி எரிய விட்டு, முன்னால் போகும் வண்டியை விட்டு நன்றாக விலகியே ஓட்ட வேண்டும்.

மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சாலை வழியே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஆதம், ஹைமா, தும்ரைத் வழியாகப் போகும் அந்தச் சாலையில் பார்ப்பதற்கு வெறும் சமவெளிதான். கோடையில் சிறு குழந்தைகளுடன் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதில் பயணிப்பது வீரம் ஆகலாம், விடுமுறை ஆகாது. சாலைதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் டயர்களின் காற்றையும் வயதையும் பார்த்துவிட்டு, விடியுமுன் கிளம்பி, ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் குடிநீர் ஏற்றிக்கொண்டு, எரிபொருள் நிலையம் எதிரே வரும்போதெல்லாம் நிரப்பிக்கொண்டு, இரவு ஓட்டுவதைத் தவிர்த்துப் போக வேண்டும்.

வடக்கே இரண்டு இடங்கள் கோடையிலும் தாங்கும். ஒன்று ஜபல் அக்தர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள சைக் மேட்டுநிலத்தில், கீழே இருப்பதைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைவாக இருக்கும். இரவில் போர்வை கேட்கும். ஆகஸ்ட் கடைசியில் படிக்கட்டு வயல்களில் மாதுளை பழுத்துத் தொங்குவதைப் பார்க்கலாம். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை மட்டுமே பிர்கத் அல் மவுஸ் ஊரில் உள்ள காவல் சாவடி மேலே அனுப்பும். இதற்காகப் பயணம் முழுவதற்கும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுப்பது வீண் செலவு. சாதாரண வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, மலைக்கு ஓட்டுநருடன் ஒரு வண்டி பேசிக்கொள்வது மலிவு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே சூடாக்கிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவே பாதுகாப்பும்கூட.

மற்றொன்று சூர் நகருக்கு அப்பால் உள்ள ராஸ் அல் ஜின்ஸ். அரேபியத் தீபகற்பத்தின் கிழக்கு முனையான இக்கரையில் பச்சை ஆமைகள் ஆண்டு முழுதும் முட்டையிட வந்தாலும், மிகுதியாக வருவது நமக்கு வேண்டிய கோடை மாதங்களில்தான். வழிகாட்டியுடன்தான் செல்ல முடியும், முன்பதிவு கட்டாயம். இரவு ஒரு முறையும் விடியுமுன் ஒரு முறையும் அழைத்துப் போவார்கள். குழந்தைகள் உள்ளவர்கள் விடியல் நேரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இருட்டில் கைபேசி வெளிச்சம்கூடக் கூடாது என்பதால் இரவில் அவர்களுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. விடியலிலோ, முட்டையிட்டு முடித்த தாய் ஆமை துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி, நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக் கடலுக்குத் திரும்புவதை மங்கிய வெளிச்சத்தில் பார்க்க முடியும்.

மஸ்கட்டுக்கு இரண்டு இரவுகள் போதும். ஐந்தரை மணிக்கெல்லாம் விடிந்துவிடும், மாலை ஏழு மணியளவில் இருட்டிவிடும் என்பதால் நாளை இரண்டாக வெட்டிக்கொள்வது எளிது. காலையில் ஆறு முதல் எட்டு வரை முத்ரா கடற்கரைச் சாலை, எட்டு மணிக்குச் சுல்தான் கபூஸ் பெரிய பள்ளிவாசல் என்று வைத்துக்கொள்ளலாம். முஸ்லிம் அல்லாதோர் வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை எட்டு முதல் பதினொன்று வரை உள்ளே செல்லலாம். பெண்கள் தலையையும் கை கால்களையும் மூடியிருக்க வேண்டும்; உடம்போடு ஒட்டாத பருத்திச் சுடிதாரும் துப்பட்டாவும் அதற்கும் வெயிலுக்கும் சேர்த்தே உதவும். பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை அறையை விட்டு வெளியே வராதீர்கள். முத்ரா சந்தையிலும் பகலில் கடைகளை அடைத்துவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கிறார்கள்.

வாடகைக் குடியிருப்பில் தங்குபவர்களுக்கு ஒரு சிறு தகவல். மொட்டை மாடித் தொட்டி நாள் முழுதும் காய்வதால், ‘குளிர்ந்த’ குழாயைத் திறந்தால் கொதிநீர் வரும். வளைகுடாவில் பலகாலம் இருந்தவர்கள் கோடையில் வெந்நீர்க் கொதிகலனின் மின்சாரத்தை அணைத்துவிட்டு, குளியலறைக்குள்ளேயே ஆறிக் கிடக்கும் அந்தக் கொதிகலன் தண்ணீரில்தான் குளிப்பார்கள். வெளியே கிளம்பும்போது கண்ணாடியும் கேமராவும் ஆவி படிந்து சில நிமிடங்கள் ஒன்றும் தெரியாமல் போகும். அதைத் துடைத்துப் பயனில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

வாதி எனப்படும் பள்ளத்தாக்கு ஓடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாதி பனி காலித் குடும்பத்துக்கு ஏற்றது. குளம் வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலேயே உள்ளது. வாதி ஷாபுக்கு நிழலற்ற பாறைவழியே முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்; தொடக்கத்தில் ஓடையைக் கடக்க உதவும் படகுகளில் முதலாவதில் போகாவிட்டால் கோடையில் அதை விட்டுவிடுங்கள். ஹஜர் மலையின் மேல் பிற்பகலில் கருமேகம் திரண்டால், நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாவிட்டாலும் திடீர் வெள்ளம் வரக்கூடும். அப்போது உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்குவது அங்கே தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் குடிப்பதும், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை ஊரிலிருந்தே எடுத்துப் போவதும் எல்லோருக்கும் தெரிந்தவை. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலும் நீரும் போதும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு தீயாய்ச் சுட்டாலோ அது வெப்பத் தாக்கு. நீரை ஊற்றி, விசிறி உடம்பைக் குளிர்வித்தபடியே 9999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். குழந்தையையோ முதியவரையோ நிறுத்திய வண்டியில் ‘ஒரு நிமிடம்’ விட்டுப் போகக் கூடாது. இன்சுலின் போன்ற மருந்துகளுக்குக் குளிர்பை வேண்டும். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும்.

முன்பதிவைத் தட்டுப்பாட்டின் வரிசையில் செய்யுங்கள்: முதலில் சலாலா அறை, அடுத்து மஸ்கட்–சலாலா விமானம், பிறகு ராஸ் அல் ஜின்ஸ், அதன் பின் ஜபல் அக்தர், கடைசியில் மஸ்கட் விடுதியும் வண்டியும். கோடையில் மஸ்கட் விடுதிகளில் கூட்டமில்லாததால் நல்ல அறைகூட மலிவாகக் கிடைக்கும். சலாலாவில் மிஞ்சாத பணத்தை அங்கே மிச்சம் பிடிக்கலாம். வெள்ளி, சனி வார விடுமுறை என்பதால் சலாலாவில் ஞாயிறு முதல் வியாழன் வரை தங்குவது போல் நாட்களை அமைப்பது நலம். ஒரு ஓமன் ரியால் 2.6 டாலர், அதற்கு ஆயிரம் பைசா. விலைச்சீட்டில் 500 என்று இருந்தால் அது பைசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாட்கள் கையில் இருந்தால் மஸ்கட்டில் இரண்டு இரவு, ராஸ் அல் ஜின்ஸில் ஒன்று, ஜபல் அக்தரில் இரண்டு, மீதி முழுவதும் சலாலா என்று வைத்து, ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே மஸ்கட் வந்துவிடுவது நல்லது.