பாய்மரப் படகில் குடித்தனம்: புதியவர்களுக்கு ஒரு நாள் வேலைமுறை

பாய்மரப் படகில் குடியிருப்பவருக்குப் பாய் ஏற்றும் வேலை குறைவு. சிங்கப்பூரின் துவாஸிலோ செந்தோசாவிலோ, படகு நிறுத்தும் துறையான மரினாவில் கட்டிப்போட்ட படகு என்றால் பொழுதெல்லாம் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. கடல்நீர் உள்ளே வரக் கூடாது, நல்ல தண்ணீர் வீணாகக் கூடாது, காற்றின் ஈரம் கேபினில் தங்கக் கூடாது. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

முதல் வேலை: பில்ஜ்

கோப்பி அப்புறம். எழுந்ததும் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். படகின் அடியில், கசியும் நீரெல்லாம் வந்து சேரும் அந்தப் பள்ளம்தான் பில்ஜ். நேற்றைவிட நீர் கூடியிருந்தால், டீசல் வாடை இல்லாத பட்சத்தில், ஒரு சொட்டு விரலில் தொட்டு நாக்கில் வையுங்கள். முகம் சுளிக்காதீர்கள், இதைவிட வேகமான சோதனை கிடையாது. உப்புக் கரித்தால் கடல்நீர். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தையும், படகின் உடம்பில் உள்ள துளைகளை மூடும் வால்வுகளான சீகாக்குகளையும் பாருங்கள். கரிக்காவிட்டால் உங்கள் தண்ணீர்த் தொட்டியோ குழாயோ கசிகிறது, இல்லை மழை ஒழுகியிருக்கிறது.

தானியங்கிப் பம்பு இருக்கிறதே என்று இதை விட்டுவிட வேண்டாம். பம்பு சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்த பிறகுதான் ஓட்டை இருப்பதே தெரியவரும்.

சீகாக் ஒவ்வொன்றையும் வாரம் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அசைக்காமல் விட்டால் இறுகிப்போய், அவசரத்துக்கு அசையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த அளவுக்கு ஒரு கூம்பு மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். வால்வு உடைந்தால் துளையில் அடிக்க அதுதான் கைகொடுக்கும்.

பேட்டரி

மரினாவில் கரை மின்சாரம் இருக்கும்வரை கவலையில்லை. லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போடும் நாளில்தான் மீட்டரைப் பார்க்க வேண்டும். ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும்.

நம் ஆட்கள் முதலில் கேட்பது மிக்ஸியைத்தான். 600 வாட் மிக்ஸி, 12 வோல்ட்டிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு நிமிடச் சட்னியை பேட்டரி தாங்கிவிடும், மெல்லிய வயர் தாங்காது. இன்வெர்ட்டருக்குத் தடித்த வயர் போடுங்கள், இல்லையென்றால் தேக்கா ஈரச்சந்தையில் தேங்காய் வாங்கும்போதே அங்கேயே துருவி வாங்கிவிடுங்கள்.

சமையல்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வீட்டில் ஜன்னல் வழியாகக் கொஞ்சமாவது போகும். படகிலோ நேராக பில்ஜில் இறங்கித் தங்கிவிடும், அங்கே ஒரு மின்பொறி போதும். அதனால் அடுப்பை அணைக்கும்போது முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், குழாயில் மிச்சமுள்ள வாயு எரிந்து தீரட்டும், பிறகு அடுப்புத் திருகை மூடுங்கள். பிரஷர் குக்கர் படகுக்கென்றே செய்த பாத்திரம் போல: ஆடினாலும் குழம்பு சிந்தாது, வாயுவும் மிச்சம்.

கழிப்பறை

பிறகு ஊருக்குத் தெரியாமல் செய்கிற வேலை. கைப்பம்பை இரண்டு தடவை அடித்துவிட்டு வந்துவிடக் கூடாது. குழாய் முழுக்கச் சுத்தமாகும்வரை அடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றி ஊறவிட்டால் குழாயில் படியும் சுண்ணாம்பு குறையும். மரினாவுக்குள் கழிவைக் கடலில் விடக் கூடாது, சேமிப்புத் தொட்டியில்தான் போக வேண்டும்.

ஈரம்

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே. வருடம் முழுக்கப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மெத்தையைத் தினமும் நிமிர்த்தி வையுங்கள், அடிப்பக்கம்தான் முதலில் கறுக்கும். துணியைக் கடல்நீரில் அலசவே வேண்டாம்: உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அந்தச் சட்டை என்றைக்கும் முழுசாகக் காயாது. பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவலாம், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில். டிங்கி என்ற சிறு துணைப்படகிலும் டெக் வாளியிலும் தேங்கிய மழைநீரைக் கவிழ்த்துவிடுங்கள். டெங்கிக் கொசுவுக்கு வீடும் படகும் ஒன்றுதான்.

படுக்கும் முன்

மிதவைத் துறை நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும், ஆகவே கயிற்றின் நீளம் பிரச்சினை இல்லை, தேய்மானம்தான் பிரச்சினை. உரசும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து மாட்டுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ புயற்காற்று வரும் காலம். பெரும்பாலும் விடியலுக்கு முன்னாலோ காலையிலோ மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். நீங்கள் அசந்து தூங்கும் நேரம் அது. எனவே துணிக்கொடி, வாளி, வெயில் விரிப்பு எல்லாவற்றையும் இரவே உள்ளே எடுத்துவிடுங்கள், காற்று வீசும் பக்கத்து ஹாட்ச்சை (மேல்தளத் திறப்பை) மூடிவிட்டுப் படுங்கள்.