வட்டார வேட்பாளரின் திட்டத்தாள்: மட்டக்களப்பு நகருக்கு நடக்கக்கூடியதை எழுதுவது எப்படி

"கல்லடி பிரதான வீதியை அகலமாக்குவேன்" என்று மாநகர சபைத் தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் போடுமுன் அந்த வீதி யாருடையது என்று பாருங்கள். அது ஏ-4 நெடுஞ்சாலை. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. மாநகர சபைக்கு மிஞ்சுவது உள்வீதிகளும் ஒழுங்கைகளும். குழாய்நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. மின்கம்பம் மின்விநியோக நிறுவனத்துடையது, அதில் தொங்கும் வீதி விளக்கு மாநகர சபையுடையது. கடற்கரையில் ஒரு மதில் கட்டவும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

ஆகவே முதல் வேலை, வட்டாரத்தின் குறைகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொறுப்பான நிறுவனத்தைக் குறிப்பது. சபைக்கு வெளியே உள்ளவற்றுக்கு "செய்வேன்" என்று எழுதாதீர்கள். "இந்த அலுவலகத்துக்கு இந்தக் கோரிக்கையைக் கொண்டுபோவேன்" என்று எழுதுங்கள். வாக்காளருக்கு வித்தியாசம் விளங்கும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே விளங்கும்.

அடுத்தது கணக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் மூன்று விடயங்கள் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் உங்கள் வட்டாரத்தில் நடந்த வேலைகள் (ஒவ்வொன்றின் நீளமும் பெறுமதியும் சேர்த்து); நடப்பு வருட வரவுசெலவுத் திட்டத்தில் வடிகான், வீதி, விளக்குக்கான ஒதுக்கீடு; சோலைவரி (வீடு, காணிக்குச் சபை அறவிடும் வருட வரி) நிலுவை மொத்தம். பதிலுக்கு 14 வேலை நாள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு. வேட்புமனு கொடுத்த பிறகு இதைத் தொடங்கினால் காலம் போதாது. தேர்தல் பேச்சு அடிபடும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சோலைவரியைப் பற்றி மேடையில் எவரும் பேசுவதில்லை. வருட வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு என்பதைப் பல வீடுகள் அறியா. இதை வீடு வீடாகச் சொல்வதே ஒரு திட்டம்தான்; செலவில்லாமல் சபைக்குப் பணம் சேரும்.

வடிகான்: ஊற்றில் அல்ல, முடிவில் தொடங்குங்கள்

மட்டக்களப்பில் ஒரு வேட்பாளர் ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்வதென்றால் அது வடிகானாக இருக்கட்டும். நகரம் தட்டை, ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். மாரியில் வாவி மட்டம் ஏறினால் கானுக்குள் தண்ணீர் திரும்பி வரும். அப்போது வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும் பேச்சு வரும். அந்த முடிவு மாவட்ட மட்டத்தில் எடுக்கப்படுவது, வட்டார உறுப்பினர் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது ஒழுங்கைத் தண்ணீர் வாவிவரை போய்ச்சேரும் வழி.

வழக்கமாக நடப்பது இதுதான். இந்த வருடம் 60 மீற்றர், அடுத்த வருடம் வேறொரு ஆதரவாளர் வீட்டின் முன்னால் 40 மீற்றர். துண்டுகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. கொங்கிரீட் தொட்டி மாதிரி தண்ணீர் தேங்கும், பிறகு "கான் கட்டியும் வெள்ளம்" என்ற முறைப்பாடு.

ஐப்பசி மழை தொடங்கமுன் ஒரு தரமும், கார்த்திகையில் வெள்ளம் நிற்கும்போது ஒரு தரமும் கானை முடிவிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். வாவியில் விழும் இடம், மதகுகளின் அகலம், படலைக்கு முன்னால் வீட்டுக்காரர் போட்ட கொங்கிரீட் தளம், கானுக்குள் குறுக்கே போகும் தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து, தூரத்தோடு குறியுங்கள். கான் 45 செ.மீ. அகலமாக இருந்து மதகுக் குழாய் 22 செ.மீ. என்றால் தடை அங்கேதான், புதுக் கான் வேண்டாம்.

சரிவைப் பார்க்க மேசன்மார் பாவிக்கும் மட்டக்குழாய் போதும். 15 மீற்றர் ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு தடியோடு, 10 மீற்றருக்கு ஒருமுறை அளந்து போங்கள். குழாய்க்குள் குமிழி நின்றால் அளவு பிழைக்கும்; நிரப்பியதும் இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். 500க்கு 1 சரிவு என்றால் 100 மீற்றருக்கு 20 செ.மீ. இறக்கம். அது கிடைக்காத இடத்தில் பக்கத்து ஒழுங்கை வழியாக வாவிக்குக் குறுகிய வழி இருக்கிறதா என்று தேடுங்கள்.

கொள்ளளவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2 ஹெக்டேயர் குடியிருப்பில் ஒரு மணித்தியாலத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 1000 கனமீற்றர் தண்ணீர். பாதி மண்ணில் இறங்கினாலும் கானுக்குச் செக்கனுக்குச் சுமார் 140 லீற்றர் வரும். 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 500க்கு 1 சரிவு கொண்ட கொங்கிரீட் கான் நிறைந்து ஓடினால் ஏறத்தாழ 170 லீற்றரைக் கடத்தும். அடியில் 15 செ.மீ. மணல் படிந்துவிட்டால் 100 லீற்றர்தான். ஆகவே நீங்கள் எழுதவேண்டிய வாக்குறுதி "புதிய கான்" அல்ல, புரட்டாதியில் மணல் அள்ளும் அட்டவணை.

அள்ளுவதற்கு மூடி தூக்கப்பட வேண்டும். 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், 10 செ.மீ. தடிப்புள்ள பலகை ஏறக்குறைய 65 கிலோ; இரண்டு பேர் தூக்கலாம். ஒரு மீற்றர் நீளத்தில் வார்த்தால் 140 கிலோவைத் தாண்டும், பிறகு எவரும் திறக்கமாட்டார்கள். கைபிடிக் கம்பி வைக்கச் சொல்லி மதிப்பீட்டிலேயே எழுதுவியுங்கள். அள்ளிய மணலைக் கான் ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே. அன்றே ஏற்ற உழவு இயந்திரம் வேண்டும்.

"கானைத் துப்புரவாக்கி டெங்கை ஒழிப்போம்" என்று எழுதாதீர்கள். அழுக்குக் கானில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் நுளம்பு. டெங்கு நுளம்பு தேடுவது பழைய டயர், கூரைப் பீலி, கிணற்றடி வாளி, சிரட்டை. அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு சேர்ந்த வீட்டுப் பரிசோதனைதான் திட்டம்.

குப்பையும் விளக்கும்

"தினமும் குப்பை எடுப்போம்" என்பது இலகுவான வாக்குறுதி, நடக்காத வாக்குறுதி. பத்து வீடுகளின் ஒரு கிழமைக் குப்பையை நிறுத்துப் பாருங்கள். உக்குவது, உக்காதது என்று தனித்தனியாக. வீட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் எத்தனை நடை உழவு இயந்திரம் வேண்டும் என்று தெரியும். குப்பை எங்கே போய்ச்சேரும் என்பதையும் சொல்லவேண்டும். திருப்பெருந்துறையில் கொட்டுவதற்கு அயலவர் காட்டிய எதிர்ப்பு நகரில் எல்லோருக்கும் தெரியும்.

வீதி விளக்குக்கு, எரியாதவற்றைக் கம்ப இலக்கத்தோடு பட்டியலிடுங்கள். "ஆலடிக்குப் பக்கத்தில்" என்று கொடுத்த முறைப்பாட்டைத் தொழிலாளி இரவில் தேடமாட்டார். எல்.ஈ.டி. விளக்கில் அடிக்கடி போவது மின்வழங்கிப் பகுதி, இடிமின்னலும் உப்புக்காற்றும் காரணம். அதை மட்டும் மாற்றலாமா என்று கேட்டு மதிப்பீடு எடுங்கள்.

பணமும் காலமும்

சபையின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. 2025இல் போல மே மாதத்தில் தேர்தல் வந்தால் அந்த வருடப் பணம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் முதல் கான் அடுத்த வருடத் திட்டத்தில்தான் ஏறும். முதல் நூறு நாளுக்குப் பணம் தேவையில்லாதவற்றை மட்டும் எழுதுங்கள்: விளக்குப் பட்டியல், குப்பை நாளட்டவணை, மதகு வரைபடம். வெளிக்கட்டுமான வேலையை மாசியிலிருந்து புரட்டாதிக்குள் போடுங்கள். கார்த்திகையில் வார்த்த கொங்கிரீட்டின் கதி தெரிந்ததே.

தனி உறுப்பினருக்கு இருப்பது ஒரு வாக்கு. உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 60 வீத உறுப்பினர் வட்டாரத்திலிருந்தும் 40 வீதம் விகிதாசாரத்திலும் வருவதால், சபையில் பல கட்சிகள் இருக்கும். பிரேரணையை வழிமொழிய ஆள் தேவை. எனவே கான் உங்கள் எல்லையோடு முடியாமல் பக்கத்து வட்டாரத்துக்கும் போகுமானால் அந்த உறுப்பினரை முன்பே சேருங்கள். பிரேரணையில் இடம், நீளம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு, செலவுத் தலைப்பு நான்கும் இருக்கட்டும்.

திட்டத்தாள் ஏ4 ஒரு பக்கம் போதும், எழுத்து முதியவர் வாசிக்கும் அளவில். அச்சுக்கூலி ரசீதை எறியாதீர்கள்: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வென்றாலும் தோற்றாலும் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவறிக்கை கொடுக்க வேண்டும்.