பழைய போட்டோவோடு பிரகதி மைதானத்துக்குப் போகாதீர்கள்

போன நவம்பரில் கும்பகோணத்திலிருந்து மாமா வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் முறுக்கு டப்பாவுக்கு முன்னால் வெளியே வந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. 1984இல் ஆபீஸ் வேலையாகத் தில்லி வந்தபோது எடுத்தது. கான்கிரீட்டில் கூடை முடைந்த மாதிரி, முக்கோணம் முக்கோணமாக ஒரு பெரிய கட்டடம் பின்னால். முன்னால் மாமா, தலை நிறைய முடியோடு. "அதே இடத்துல நின்னு இன்னொண்ணு எடுக்கணும்மா. மாமி சொல்லி அனுப்பிச்சிருக்கா" என்றார்.

மயூர் விஹாருக்கு நாங்கள் குடிவந்து இருபது வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் குதுப்மினாரும் அக்ஷர்தாமும் காட்டுவதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. தில்லியின் கண்காட்சி வளாகமான பிரகதி மைதானத்தில்தான் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொதப்பும். சொதப்பியவர்களில் நானும் உண்டு.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போவதுதான் பெரிய தவறு. இணையத்தில் தேடினால் இன்னமும் அதன் படங்கள் வந்து விழுகின்றன. பார்க்கிறவர்கள் நேரில் போனால் இருக்கும் என்றே நினைக்கிறார்கள். ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்று பெயர். சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 1972 நவம்பர் 3ஆம் தேதி இந்திரா காந்தி தொடங்கிவைத்த 'ஏசியா 72' வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. வடிவமைத்தவர் ராஜ் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். இரும்புக் குழாய்களை இணைத்துக் கட்ட வேண்டிய அமைப்பு அது. அன்றைக்கு இங்கே எஃகுக்குத் தட்டுப்பாடு, வேலையாட்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. அதனால் கம்பி கட்டிக் கான்கிரீட்டை அங்கேயே வார்த்து, கையாலேயே எழுப்பினார்கள். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலம்.

2017 ஏப்ரல் 23 ஞாயிறு இரவோடு இரவாக இடித்துவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடமாகக் கணக்கில் எடுக்க அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அதற்கு நாற்பத்தைந்துகூட முடியவில்லை. பக்கத்திலிருந்த நேரு பெவிலியன், மாநிலங்களின் அரங்குகள் எல்லாம் கூடவே போயின. அந்த வாரம் மெட்ரோவில் ஆபீஸ் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். தூசிதான் தெரிந்தது.

இதையெல்லாம் மாமாவிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். பயண அலுப்பு, காலையில் காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக நின்றார். வாய் வரவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "வேர்ல்ட் எக்ஸ்போ நடந்த இடமாச்சே" என்று பலரும் சொல்லக் கேட்கிறேன். பாரிஸில் இருக்கும் சர்வதேசக் கண்காட்சி அமைப்பின் அங்கீகாரத்தோடு நடப்பதுதான் அசல் எக்ஸ்போ. அதை இந்தியா இதுவரை ஒருமுறைகூட நடத்தியதில்லை. ஏசியா 72 ஆசிய அளவிலான வர்த்தகக் கண்காட்சி, அவ்வளவுதான். 'உலக' என்ற சொல்லுக்குத் தில்லியில் உரிமை கொண்டாட வேண்டுமானால், 1959 டிசம்பரில் தொடங்கிய உலக வேளாண் கண்காட்சியைச் சொல்லலாம். அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் அதற்கு வந்திருந்தார். அமெரிக்க அரங்கை வடிவமைத்தவர் மினோரு யமசாகி, பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைக் கட்டியவர். அந்த அரங்கையும் இப்போது தேடிக்கொண்டு போகாதீர்கள்.

கண்காட்சி மைதானங்களின் சுபாவமே அப்படித்தான். கல்யாணப் பந்தல் மாதிரி, முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். ஒசாகாவில் 1970 எக்ஸ்போவுக்குப் போட்ட பிரம்மாண்டக் கூரையைப் பிரித்துவிட்டு, அதைத் துளைத்துக்கொண்டு நின்ற சூரியக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். பிரஸ்ஸல்ஸில் 1958இன் ஆட்டோமியம், பாரிஸில் 1889இன் ஈஃபில் கோபுரம். ஊருக்கு ஒன்றாவது மிஞ்சியது. தில்லியில் விட்டுவைத்திருக்க வேண்டியதைத்தான் இடித்தோம் என்பது என் கட்சி. இப்போது வளாகத்தில் நிற்கும் புதிய பாரத் மண்டபம் வசதியானது, குளிர்சாதனம் உண்டு, கழிப்பறை சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும்.

அப்பு கர் விஷயமும் இதே கதை. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயரில், 1984இல் இங்கே திறந்த ராட்டினப் பூங்கா அது. எண்பதுகளில் பள்ளிச் சுற்றுலா வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன் என்று இன்னும் கிளம்புகிறார்கள். 2008இலேயே மூடியாகிவிட்டது.

அடுத்தது மெட்ரோ. ப்ளூ லைன் வரைபடத்தில் பிரகதி மைதான் என்ற ஸ்டேஷனைத் தேடாதீர்கள். 2019 கடைசியில் அதற்கு சுப்ரீம் கோர்ட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மண்டி ஹவுசுக்கும் இந்திரபிரஸ்தாவுக்கும் நடுவில் வரும். பழைய தில்லிவாசிகள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்லி வழி காட்டுவார்கள். அதை நம்பி இந்திரபிரஸ்தா வரை போய்த் திரும்பிய சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

நாங்கள் மெட்ரோவில் போகவில்லை. முதல் நாள் இந்தியா கேட் பார்த்துவிட்டு, அங்கிருந்து டாக்ஸி பிடித்தோம். டிரைவர் நேராகச் சுரங்கச் சாலைக்குள் இறக்கிவிட்டார். 2022இல் திறந்த அந்தச் சாலை சுமார் 1.3 கிலோமீட்டர், மைதானத்துக்கு அடியில் புகுந்து ரிங் ரோட்டில் கொண்டுபோய்த் துப்பும். சுவரெல்லாம் அழகான ஓவியங்கள். மாமா, பாவம், "இதுதான் மைதானமா?" என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தால் மைதானம் முதுகுக்குப் பின்னால். சுற்றி வர முக்கால் மணி நேரம் ஆனது. டாக்ஸியில் போவதானால் 'மதுரா ரோடு கேட்' என்றோ 'பைரோன் மார்க் கேட்' என்றோ தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே பிரகதி மைதான் என்றால் மேப் எங்கே கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது.

அவ்வளவு சுற்றி வந்தும் உள்ளே போக முடியவில்லை. இது பூங்கா இல்லை. கண்காட்சியோ மாநாடோ இல்லாத நாளில் சும்மா சுற்றிப் பார்க்கிறேன் என்றால் விடமாட்டார்கள். நாங்கள் போனது நவம்பர் 10. உள்ளே ஸ்டால் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. லாரிகள் மட்டும் போய்வந்தன. "பாஸ் ஹை?" என்று காவலர் கேட்டார். மாமா பதிலுக்கு 1984 போட்டோவைக் காட்டினார். காவலருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யே கஹான் ஹை, அங்கிள்?" என்றார். இது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார் என நான் மொழிபெயர்த்ததும்தான் மாமாவுக்கு விஷயம் உறைத்தது. என் பக்கம் திரும்பி, "இடிச்சுட்டாளா?" என்றார்.

அந்த இடத்தில் நான் அடுத்த தவறைச் செய்தேன். சமாதானத்துக்கு, "வாங்க மாமா, பக்கத்துல கைவினை மியூசியம் இருக்கு" என்று கூட்டிக்கொண்டு நடந்தேன். திங்கட்கிழமை. மியூசியத்துக்கு வார விடுமுறை. பக்கத்திலிருக்கும் உயிரியல் பூங்காவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூர்க்காரர்கள் இந்த இரண்டு கிழமைகளையும் கையில் எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மட்கா பீர் தர்காவில்தான் பொழுது போனது. மதுரா ரோட்டிலேயே இருக்கிறது. வேண்டுதல் பலித்தவர்கள் கொண்டுவந்த மண்பானைகள் மரக்கிளைகள் முழுக்கத் தொங்கும். மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்மூர்ல தொட்டில் கட்டுவா, இங்க பானை" என்றார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது.

மறுநாள் காலை மியூசியம் திறந்ததும் போனோம். ஏசியா 72இல் மிச்சம் என்று தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்பேன். அந்தக் கண்காட்சிக்காக, கிராமிய இந்தியாவைக் காட்டவென்று பல மாநிலத்து வீடுகளையும் குடில்களையும் கட்டினார்கள். தற்காலிகமாகக் கட்டியது தங்கிவிட்டது. நிரந்தரம் என்று கான்கிரீட்டில் கட்டியது போய்விட்டது. மண் சுவர், ஓலைக் கூரை, சாணி மெழுகிய திண்ணை. அதைச் சுற்றி மியூசியத்தை எழுப்பியவர் சார்லஸ் கொரியா. கட்டடம் தெரியாமல் கட்டடம் கட்டத் தெரிந்தவர். முற்றத்துக்குப் பின் முற்றமாக நடந்துகொண்டே இருக்கலாம். தமிழர்கள் தவறவிடக் கூடாதது அய்யனார் மண்குதிரைகள். பைரோன் மார்க்கின் டிராபிக் இரைச்சலுக்கு நடுவில், நம்மூர் ஊரெல்லையில் நிற்கும் அதே முழித்த கண், அதே கழுத்து மணி. சுட்ட மண்ணில் விரல் அழுத்திய தடம்கூடத் தெரிகிறது. மாமா அங்கேதான் அதிக நேரம் நின்றார். அரை மணியில் பார்த்துவிடலாம் என்று போகாதீர்கள், இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

நேரம் மிஞ்சினால் புராணா கிலா என்ற பழைய கோட்டை பக்கத்திலேயே. 1556இல் ஹுமாயூன் படிக்கட்டில் தவறி விழுந்த ஷேர் மண்டல் என்ற கட்டடம் அங்கே இருக்கிறது.

இனி மைதானத்துக்குள் போகும் வழி. சுலபமான சந்தர்ப்பம் வருஷா வருஷம் நவம்பர் 14 முதல் 27 வரை நடக்கும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி. அல்லது குளிர்காலத்தில் வரும் உலகப் புத்தகக் கண்காட்சி. வர்த்தகக் கண்காட்சியின் முதல் ஐந்து நாள் வியாபாரிகளுக்கானது. டிக்கெட் பல மடங்கு விலை. பொதுமக்களுக்கு 19இலிருந்துதான். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், மாம்பலம் ரங்கநாதன் தெருவின் தீபாவளிக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்; டிக்கெட்டை மெட்ரோ ஸ்டேஷன்களிலும் ஆன்லைனிலும்தான் விற்கிறார்கள். இதில் வேடிக்கை, சில வருடங்களாக வாசலில் இருக்கும் சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் மட்டும் அது கிடைப்பதில்லை. ஏறும் ஸ்டேஷனிலேயே வாங்கிவிடுங்கள்.

வளாகம் சுமார் 123 ஏக்கர். புதுச் செருப்போடு வராதீர்கள். நவம்பர் தில்லிக் காற்றுக்கு மாஸ்க் வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலர் இல்லாமல் கிளம்பக் கூடாது. உள்ளே போனதும் நம்மவர்கள் நேராகத் தமிழ்நாட்டு அரங்குக்குப் போய், திரும்பும் ரயிலில் தூக்கிக்கொண்டு போவதற்குக் காஞ்சிபுரம் புடவை எடுப்பார்கள். வேண்டாத சுமை. வடகிழக்கு மாநிலங்களின் அரங்குகளுக்கு முதலில் போங்கள். மூங்கில், நெசவு, மிளகாய் ஊறுகாய், எல்லாம் செய்தவர்களே எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நாளில் விலை குறையும், உண்மைதான். நல்லதெல்லாம் அதற்குள் போயிருக்கும்.

பாரத் மண்டபத்தின் முன்னால் நிற்கும் நடராஜரை எல்லோரும் செல்ஃபிக்குப் பின்னணியாக்கிவிட்டு நகர்கிறார்கள். 2023 ஜி20 மாநாட்டுக்காக வந்த சிலை. சுமார் 27 அடி, 18 டன், எட்டு உலோகம், மெழுகு வார்ப்பு. வார்த்தது சுவாமிமலையில், ராதாகிருஷ்ண ஸ்தபதி குடும்பத்தார். கண்காட்சி தொடங்கியபின் மாமாவை மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? மாமா திருவாசியின் சுடர்களை ஒன்றுவிடாமல் எண்ணினார். தூக்கிய பாதத்தைக் கீழிருந்து பார்த்தார், பின்னால் போய் விரிசடையைப் பார்த்தார். அங்கே நின்ற பஞ்சாபிக் குடும்பத்துக்குத் தமிழிலேயே காவிரி வண்டல் மண்ணில் கரு (அச்சு) கட்டுவதை விளக்கினார். அவர்களும் தலையாட்டினார்கள். நீங்களும் ஒருமுறை முழுக்கச் சுற்றி வாருங்கள். வேலைப்பாடு பின்பக்கமும் உண்டு.

போட்டோ அங்கேதான் எடுத்தோம். பழைய கட்டடம் எந்தப் பக்கம் இருந்தது என்று என்னாலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. மாமா தோராயமாக ஒரு இடத்தைத் தீர்மானித்து, அதே மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

கடைசித் தவறு அவருடையது. நாகாலாந்து ஸ்டாலில் மூங்கில் பிடி போட்ட, ஒரு முழ நீளத்துக்குத் தாவ் கத்தி வாங்கிவிட்டார். "வாழைத்தார் வெட்ட ஆகும்" என்று பேப்பரில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கவனிக்கவில்லை. மெட்ரோ ஸ்டேஷனில் பை எக்ஸ்ரே மெஷினுக்குள் போனதும் பெல்ட் நின்றது. நாலு அங்குலத்துக்கு மேல் கத்தி கொண்டுபோக அனுமதி இல்லை. போட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். மாமா மாட்டேன் என்றார். வெளியே வந்து அந்த ராத்திரிக் கூட்டத்தில் ஆட்டோ பேசினோம். மயூர் விஹாருக்கு முந்நூற்றைம்பது கேட்டான். கத்தியின் விலை முந்நூறு.