எக்ஸ்எம்எல்லில் திரும்பத் திரும்ப வரும் உறுப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா இன்டக்ரேஷனுக்குப் புதிதாக வருகிறவர்களின் மேப்பிங்குகளை, அதாவது எக்ஸ்எம்எல் ஃபைலின் எந்த உறுப்பு டேபிளில் எங்கே போக வேண்டும் என்ற விதிகளை, சரிபார்த்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. முன்னால் வந்த நாங்கள் விழுந்த குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். டேக்கை மூடாமல் விட்டால் ஃபைலைப் படிக்கும் பார்சரே சொல்லிவிடும், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எந்த எரரும் காட்டாமல் தப்பான எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தவறுகள்தான் ஆபத்தானவை.

ஒன்றுதான் வரும் என்று நம்புவது

கையில் இருக்கும் சாம்பிளில் ஒரு முகவரிதான் இருக்கிறது, சரி. ஃபைலின் அமைப்பை விவரிக்கும் ஸ்கீமாவில், ஓர் உறுப்பு அதிகபட்சம் எத்தனை முறை வரலாம் என்று சொல்லும் மேக்ஸ்அக்கர்ஸ் என்ன சொல்கிறது? குறிப்பிடாவிட்டால் 1. ‘அன்பவுண்டட்’ என்று இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். பைத்தானின் எக்ஸ்எம்எல்டுடிக்ட் மாதிரியான லைப்ரரிகள், உறுப்பு ஒன்று மட்டும் வந்தால் அதைத் தனியாகவும், இரண்டு வந்தால் லிஸ்டாகவும் தரும். லூப் அங்கேதான் உடையும். ஒன்று வந்தாலும் லிஸ்டாகவே தரச் சொல்லும் ‘ஃபோர்ஸ் லிஸ்ட்’ ஆப்ஷனை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டு லிஸ்டை ஒரே டேபிளில் விரிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஓர் ஆர்டருக்குள் ஐட்டங்கள் ஒரு லிஸ்ட், பேமென்ட்டுகள் இன்னொரு லிஸ்ட். இரண்டும் ஆர்டரின் பிள்ளைகள், ஆனால் எந்த ஐட்டத்துக்கு எந்தப் பேமென்ட் என்ற தொடர்பு கிடையாது. அதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே குவெரியில் விரித்து ஒரே டேபிளில் கொட்டுகிறார்கள்.

ஐட்டங்கள் 100, 200, 100 என்று மூன்று வரி, முதலும் மூன்றும் ஒரே பொருள். பேமென்ட்டுகள் 250, 150. இரண்டு கூட்டலும் 400தான். ஒன்றாக விரித்தால் 3 × 2, ஆறு வரி. ஐட்டம் தொகை 800 ஆகிறது, பேமென்ட் 1200 ஆகிறது. டெஸ்டிங்கில் ஏன் மாட்டவில்லை என்றால், சாம்பிளில் ஒரே ஒரு ஐட்டமும் ஒரே ஒரு பேமென்ட்டும்தான் இருந்திருக்கும். 1 × 1 எப்போதும் சரியாகத்தான் வரும்.

அப்புறம் வருகிறது அதைவிட மோசமான வைத்தியம்: ஐட்டங்களுக்கும் பேமென்ட்டுகளுக்கும் தனித்தனியே டிஸ்டிங்க்ட் போட்டு, ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில் இப்படித்தான் செய்தார்கள். பேமென்ட் தொகை சரியாகிவிட்டது, எனவே பிரச்சினை தீர்ந்தது என்று மூடிவிட்டார்கள். ஆனால் ஒரே பொருளை இரண்டு வரியாகப் போட்டிருந்த ஆர்டர்களில் ஒரு வரி காணாமல் போயிருந்தது. மேலே சொன்ன ஆர்டரில் 400 வெறும் 300 ஆகிவிடும். கணக்குப் பிரிவு கேள்வி கேட்டபோது மூல ஃபைல்கள் அழிக்கப்பட்டிருந்தன. பழைய ஆர்டர்களைத் திரும்ப ஏற்ற வழியே இல்லை.

மேப்பிங் எழுதும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? ‘ஐட்டமும் பேமென்ட்டும்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஐட்டத்துக்கு ஒரு டேபிள், பேமென்ட்டுக்கு ஒரு டேபிள், இரண்டிலும் ஆர்டர் எண். ஐட்டத்துக்குள் டாக்ஸ்கள் தனி லிஸ்டாக இருந்தால் அதற்கும் ஒரு டேபிள், அதில் ஆர்டர் எண்ணோடு ஐட்டத்தின் வரிசை எண்ணும் போக வேண்டும். ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் எக்ஸ்எம்எல்லை வரிகளாக விரிக்கும் எக்ஸ்எம்எல்டேபிளில் ‘ஃபார் ஆர்டினாலிட்டி’ போட்டால் அந்த எண் தானாகக் கிடைக்கும்.

பிள்ளையே இல்லாத ஆர்டரை மறப்பது

எஸ்கியூஎல் சர்வரில் ஆர்டரின் பேமென்ட்டுகளை விரிக்க ‘கிராஸ் அப்ளை’ போட்டால் பேமென்ட் இல்லாத ஆர்டர் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அப்படிப்பட்ட ஆர்டரையும் வைத்துக்கொள்ளும் ‘அவுட்டர் அப்ளை’ போடுங்கள்.

கமா போட்டு ஒட்டுவது

பல முகவரிகளை ஒரே கட்டத்தில் கமா போட்டு ஒட்ட வேண்டாம். முகவரிக்குள்ளேயே கமா வரும்.

எக்ஸ்பாத்தில் [1]

எக்ஸ்எம்எல்லுக்குள் உறுப்பைத் தேடும் பாதைதான் எக்ஸ்பாத். அதில் இரட்டைச் சாய்கோடு போட்டு ஐட்டம்[1] என்று எழுதினால் முழு ஃபைலின் முதல் ஐட்டம் வரும் என்று நினைக்கிறார்கள். வருவது ஒவ்வோர் ஆர்டரின் முதல் ஐட்டமும். ஃபைல் முழுவதற்கும் ஒன்றுதான் வேண்டுமென்றால் பாதையை அடைப்புக்குறிக்குள் போட்டு, அதற்கு வெளியே [1] எழுதுங்கள். ஆனால் லிஸ்டாக வருவதற்கு [1] போட்டிருந்தால் நான் முதலில் காரணம் கேட்பேன். பெரும்பாலும் ‘ஒன்றுக்கு மேல் வந்து எரர் அடித்தது’ என்பதுதான் பதிலாக வரும். மீதி ஐட்டங்கள் எங்கே போயின என்பதற்குப் பதில் இருக்காது.