ஓட்டெடுப்புக்குப் படம் அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில், 'சிறப்புப் படம்' என்ற தொகுப்புக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க நடுவர் குழு எதுவும் கிடையாது. பயனர்களே ஓட்டுப் போடுகிறார்கள். 9 நாள் அவகாசம். குறைந்தது 7 ஆதரவு வேண்டும். அதுவும் எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் லிங்கைப் போட்டுவிடாதீர்கள். கணக்குத் தொடங்கி 10 நாளும், 50 திருத்தங்களும் ஆகாதவர்களின் ஓட்டு செல்லாது. சித்தப்பா ஆசையாகப் போட்ட ஓட்டு வீண்தான். ஆள் திரட்டியது தெரிந்தால், நல்ல படத்தின் மேலும் சந்தேகம் விழும்.

பெரிய தவறு, படத்தைப் போன் திரையில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்புவது. ஓட்டுப் போடுகிறவர்கள் முழு அளவில் விரித்து, மூலை மூலையாகப் பார்ப்பார்கள். குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 115 அடி உயரம். கீழே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், தூண்கள் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்துவிடும். போனில் அது கம்பீரமாகத் தெரியும். கணினியில் பாலமே சரிகிற மாதிரி இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போய், கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். முட்டத்தில் நான் எடுத்த படமொன்றில் பாறையும் அலையும் அருமையாக அமைந்திருந்தன. வானத்தில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு கரும்புள்ளி: சென்சாரில் ஒட்டிய தூசி. அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் துடைத்திருக்கலாம். கடல் கோடு துளி சாய்ந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

மங்கலை மறைக்கப் படத்தைச் சிறிதாக்குவதும் வேண்டாம். 20 லட்சம் பிக்சல் என்பது குறைந்தபட்சம்தான். பெரிய படத்தைச் சுருக்கி அனுப்பினால் எதிர்ப்பு வரும். ஸ்டுடியோ பெயரைப் படத்தின் மேல் பதிக்காதீர்கள். என்ன, எங்கே என்ற விவரத்தை மறக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், எல்லோரும் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் உதிக்கும் சூரியனையே அனுப்புகிறோம். அழகுதான், ஆனால் பார்த்துப் பழகிய அழகு. விடியுமுன் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூவைக் கொட்டி அளக்கும் கைகளை எடுத்துப் பாருங்கள்.

எதிர்ப்பு வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். சொன்ன குறை சரி என்றால், பரிந்துரையைத் திரும்பப் பெற்று, திருத்தி, மறுபடி அனுப்பலாம்.