புதிதாக சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மதுரைச் சாலைகளிலிருந்து

விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தால், புதிதாக சைக்கிள் வாங்கியவர்களைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். தலை குனிந்திருக்கும், மூச்சு இரைக்கும், கால்கள் கனமான கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் விடாமல் வருவார்கள். நான்காவது வாரம் ஆளைக் காணோம். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவர்களை விரட்டுவது பெரும்பாலும் ஒரே தவறுதான்: தினமும் முழு மூச்சாக மிதிப்பது. வேகம் வேண்டுமென்றால் வேகமாகத்தானே ஓட்ட வேண்டும் என்று தோன்றும். ஆனால் நெடுநேரம் தளராமல் மிதிக்கும் திறன், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதாலும், கொழுப்பை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுவதாலும் வருகிறது. நிதானமான, நீண்ட ஓட்டம் உடலை அடித்துப்போடாமல் இந்த வேலையைச் செய்கிறது. தினமும் இரைக்க இரைக்க ஓட்டினால் களைப்புதான் சேரும்; வேகமாக ஓட்ட வேண்டிய நாளில் காலில் தெம்பு இருக்காது.

நிதானம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஓட்டினால் மூன்று நாள் இப்படித்தான். மீதி ஒரு நாள் வேகத்துக்கு: இருபது நிமிடம் மெதுவாக ஓட்டி உடல் சூடான பிறகு, 3 நிமிடம் கடினமாக, 3 நிமிடம் இலகுவாக, நான்கைந்து முறை. இதைத் தெப்பக்குளக் கரையில் செய்யாதீர்கள். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் அங்கே அதிகம். ஆள் நடமாட்டம் குறைந்த, குறுக்குச் சாலைகள் இல்லாத இடமாகத் தேடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கியர். கனமான கியரில் மிதித்தால் கால் வலுப்படும் என்று பலர் நம்புகிறார்கள். வலுப்படுவதற்கு முன்பே முழங்கால் வலி வந்துவிடும். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணிப் பாருங்கள். 12, 13 என்று வந்தால் கியர் கனம். 20-ஐ ஒட்டி வந்தால், அதாவது நிமிடத்துக்கு 80 சுற்று என்றால், சரி. கோரிப்பாளையம், காளவாசல் போன்ற சந்திப்புகளில் இந்தத் தவறு பளிச்சென்று தெரியும். கனமான கியரிலேயே வந்து நின்றுவிட்டு, பச்சை விளக்கு விழுந்ததும் எழுந்து நின்று திணறுவார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். செயின் ஓடினால்தான் கியர் மாறும், நின்ற பிறகு மாற்ற முடியாது. பிரேக் பிடிப்பதற்கு முன்பே இரண்டு கியர் இறக்கிக்கொள்ளுங்கள்.

சீட்டையும் கவனியுங்கள். பெடல் கீழே இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். தரையில் பாதம் முழுவதும் படவேண்டும் என்று நான் முதல் ஆண்டு சீட்டைத் தாழ்த்தியே வைத்திருந்தேன். முழங்காலின் முன்பக்கம் ஓயாமல் வலித்தது. இரண்டு விரற்கடை உயர்த்தினேன். சில வாரங்களில் வலி போய்விட்டது.

நகருக்குள் சராசரி வேகத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். மாசி வீதிகளில் அது உங்கள் காலைப் பற்றி எதையும் சொல்லாது. நெரிசலைப் பற்றித்தான் சொல்லும். ஊருக்கு வெளியே காற்று இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 1.7 மடங்கு சக்தி தேவை. ஆடி மாத மேல்காற்றில் நாகமலைப் புதுக்கோட்டை வழியாகச் செக்கானூரணி பக்கம் போனால், 18 கிலோமீட்டர் வேகத்துக்கே தொடை கடுக்கும். அது உங்கள் குறை இல்லை. அந்த மாதங்களில் முதலில் மேற்கே போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். வேகத்துக்குப் பதில், எவ்வளவு நேரம் மிதித்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அதையும் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

தூங்கா நகரம் என்ற பெயர் ஊருக்கு அழகு, மிதிப்பவருக்கு ஆகாது. உடல் தன்னைச் சரிசெய்துகொள்வது தூக்கத்தில்தான். நள்ளிரவு வரை பரோட்டாக் கடையில் இருந்துவிட்டு ஐந்து மணிக்கு சைக்கிள் எடுப்பதைவிட, அன்று ஓட்டாமல் இருப்பதே நல்லது. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் வீடு திரும்புங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை சில மிடறு குடியுங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் சேரட்டும்.

அழகர்கோயில் ஆசை எல்லோருக்கும் வரும். ஊரிலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர். போவதை மட்டும் கணக்கிட்டுக் கிளம்புவதுதான் இங்கே நடக்கும் தவறு; வெயில் ஏறிய பிறகு அதே தூரம் திரும்பி வர வேண்டும். இடையில் நிறுத்தாமல் இரண்டு மணி நேரம் நிதானமாக மிதிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால், அடுத்த ஞாயிறு இருட்டோடு முன்னும் பின்னும் விளக்குப் போட்டுக் கிளம்புங்கள். பையில் இரண்டு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இருக்கட்டும், பசிப்பதற்கு முன்பே சாப்பிடுங்கள். பாதி வழியிலேயே கால் கனத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கோட்டை வாசல் வரை போய்ச் சேர்ந்துவிட்டால், பிரசாதத் தோசை வாங்கிப் பாதியை அங்கே சாப்பிட்டுவிட்டு, மீதியைத் திரும்பும் வழிக்குக் கட்டிக்கொள்ளுங்கள்.